பதினேழாம் எண் தூங்குமூஞ்சி மரம்

பைன் மரத்தின் பட்டை செதில் செதிலாக வெடித்திருக்கும். ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் சாம்பலும் பச்சையும் கலந்த ஏதோ ஒன்று படிந்திருக்கும். கொடைக்கானலுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, முதல் நாள் காலையில் அந்தப் பட்டையில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்த இடத்தில் மடிப்புகள், விளிம்புகள், கடுகு அளவுகூட இல்லாத கிண்ணங்கள் எல்லாம் இருந்தன. குளிரில் விரல் மரத்துப்போகும் வரை ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அதற்குள் ஆறு மரம் முடித்திருந்தார்கள்.

அதன் பெயர் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று சொல்லலாம். பூஞ்சை இடம் கொடுத்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சமைக்கிறது. லைக்கன் மரத்திடமிருந்து உட்கார ஓர் இடம் வாங்குகிறதே தவிர, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. வேர் கிடையாது என்பதால் காற்றில் வருவதைத்தான் குடிக்கிறது. காற்றில் புகை அதிகமானால் முதலில் செத்துப்போவதும் இதுதான். பயிற்சியில் சொன்ன பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள நான் நோட்டில் மூன்று தலைப்புகள் போட்டுக்கொண்டேன். பட்டையோடு ஒட்டிக்கிடப்பது, இலை போல விரிவது, தாடி போலத் தொங்குவது. பைன் காட்டில் மூன்றும் இருந்தன. தாடி வகை ஒரு கிளையில் என் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரே கேள்விதான். எங்கள் ஊர் மரங்களில் என்ன இருக்கிறது?

எனக்குச் சொந்த ஊர் குருவிநத்தம். பிறந்ததிலிருந்து பார்த்த மரங்கள்தான், ஆனால் பட்டையை நான் பார்த்ததே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பைன் போலத் தெரிவது எங்கள் பக்கத்தில் சவுக்கு மட்டும்தான். இறங்கிய மறுநாளே சவுக்குத் தோப்புக்குள் போனேன். ஏமாற்றம்தான். சவுக்கை நட்ட சில வருஷங்களில் வெட்டிவிடுவார்கள். லைக்கனுக்கு அந்த அவசரம் ஒத்துவராது. தென்னையில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. மாமரத்தில் சாம்பல் திட்டுகள், வேம்பில் பச்சையாகப் பொடி தூவினாற்போல ஒன்று. எல்லாம் ஒட்டிக்கிடக்கும் வகை. இலை போல விரிவது எங்கேயாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் நான் எங்கள் பேராசிரியரின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு வரை விழுப்புரம் சாலையிலும் அதன் கிளைச் சாலைகளிலுமாக நாற்பது மரங்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை வகை, எவ்வளவு பரப்பு என்று குறிக்க வேண்டும். கண்ணாடித் தாளை லைக்கன் மேல் வைத்து விளிம்பை வரைந்துகொள்ள வேண்டும். சில மாதம் கழித்து அதே இடத்தில் அதே தாளை வைத்துப் பார்த்தால் வளர்ந்ததா, சுருங்கியதா என்று தெரியும். எனக்காகவே யாரோ உருவாக்கிய வேலை போல இருந்தது.

அதே இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க மரத்துக்கு அடையாளம் வேண்டும். மலையில் எண் அடித்த அலுமினியத் தகட்டைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். நானும் அப்படியே கட்டினேன். ஒரே வாரத்தில் பாதித் தகடுகளைக் காணோம். அலுமினியம் பழைய இரும்புக் கடையில் விலைபோகும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. அதனால் மஞ்சள் பெயின்ட் டப்பா ஒன்று வாங்கி, ஒன்று முதல் நாற்பது வரை உள்ளங்கை அகலத்துக்கு மரத்திலேயே எழுதிவிட்டேன். எழுத்து நேராக வந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பதினேழாவது மரம் மதகடிப்பட்டிலிருந்து தெற்கே பிரியும் சாலையில் நிற்கும் தூங்குமூஞ்சி. அதன் கீழே ஒரு இஸ்திரி வண்டி. கரிப்பெட்டியில் இஸ்திரி போடும் அக்கா ஒருவர் அதில் வேலை செய்துகொண்டிருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் முதல் அளவு எடுக்கப் போனபோது அவர் என்னைப் பார்த்தார், நான் மரத்தைப் பார்த்தேன். எங்களுக்குள் பேச்சு எதுவும் நடக்கவில்லை. ஏனென்றால் அந்த மரத்தில்தான் நான் தேடியது இருந்தது. வண்டியைப் பார்த்த பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை, வெளிர் சாம்பல் நிறத்தில், ரோஜா இதழ் விளிம்பு போல மடிந்து மடிந்து விரிந்த இலை வகை. நாற்பது மரத்தில் இது ஒன்றில்தான். அதுவும் தினமும் கரி புகையும் இடத்துக்கு மூன்றடி தள்ளி! புகை ஆகாத உயிர் புகைக்குப் பக்கத்தில் இவ்வளவு செழிப்பாக எப்படி? நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டேன். கண்ணாடித் தாளில் விளிம்பை வரைந்தேன். பதினேழு என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து, பெயின்ட் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கூட்டியில் ஒரு சுற்று போனேன். கிளைச்சாலையில் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். என் எண்களைக் காணோம். பதினைந்திலிருந்து இருபது வரை ஆறு மரங்களிலும் பட்டை சுரண்டப்பட்டு, மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டிருந்தது. பதினேழில் சுரண்டல் இன்னும் ஆழம். அந்த இலை லைக்கன் போய்விட்டது. கீழே மண்ணில் சாம்பல் நிறத் துணுக்குகள் கிடந்தன. இஸ்திரி வண்டியும் இல்லை.

எதிரே டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணே, இங்க இஸ்திரி வண்டி நிக்குமே, எங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், அதுக்கும் நம்பர் போடணுமா?"

எனக்குப் புரியவில்லை.

"மஞ்ச பெயின்ட் எடுத்துக்கினு வந்த பொண்ணு நீதான? ரேஷன் கடைக்குப் பின்னால தகரக் கொட்டாய்ல நிக்குது போ. நாலு நாளாச்சு. யாவாரமும் அதோட நின்னுபோச்சு."

தகரக் கொட்டகைக்குள் காற்றே இல்லை. கூரையின் சூடு ஒரு பக்கம், கரிப்பெட்டியின் சூடு ஒரு பக்கம். அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"துணி எடுக்கறதில்ல பாப்பா. வேற எடம் பாரு."

"துணி இல்லக்கா. அந்த மரத்த யாரு சொரண்டினாங்கன்னு கேக்க வந்தேன்."

"எந்த மரம்?"

"நீங்க நிக்கற மரம்தான்."

"எனக்கு இன்னா தெரியும்? ஆடு கீடு ஒரசியிருக்கும்."

"ஆறு மரத்துலயும் ஒரே ஒசரத்துல ஒரசிட்டு, சுண்ணாம்பும் அடிச்சிட்டுப் போச்சாக்கா ஆடு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். பெட்டியை அதன் தாங்கியில் வைத்தார்.

"நான்தான் சொரண்டுனேன். இன்னா பண்ணப்போற? கேஸ் போடுவியா?"

"எதுக்குக்கா கேஸு? ஏன் சொரண்டினீங்கன்னுதான் கேக்கறேன்."

"நம்பர் போட்டா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? எந்த ஊர் நீ?"

குருவிநத்தம் என்றேன். "அப்பறம் தெரியாதுன்ற?" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் கல்லூரிக்குப் போன அதே விழுப்புரம் சாலை. நாலுவழியாக அகலப்படுத்துவதற்கு முன்னால் வரிசையாகப் புளிய மரங்களில் வெள்ளை பெயின்டில் பட்டை அடித்து எண் எழுதியிருந்தார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து அந்த எண்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். பிறகு ஒரு மாதத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் எண் எழுதிய மரம் நிற்காது. இது தெரியாத ஆள் இங்கே இல்லை. மலையில் கற்றுக்கொண்டு வந்த முறையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கண் எப்படிப் படிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அக்கா முன்பு மெயின் ரோட்டில் ஒரு வேப்பமரத்தின் கீழ்தான் வண்டி போட்டிருந்தாராம். "அதுக்கும் இப்டிதான் நம்பர் போட்டாங்க. கேட்டதுக்கு, சும்மா கணக்கெடுக்கறோம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் நம்பிக்கினு நின்னேன். ஒரு நாள் காலைல வந்து பாத்தா எம்மாம் பெரிய மரம், அடி மட்டும்தான் இருக்குது. அப்பறம் ஒரு வருசம் எடம் எடமா தள்ளிக்கினு அலைஞ்சேன். நெழல் இல்லாம கரிப்பெட்டி பிடிக்க முடியாது பாப்பா, மயக்கம் வந்துடும். அப்பறம்தான் இந்தத் தூங்குமூஞ்சி கெடச்சுது. இதுலயும் மஞ்சளா நம்பரு. இந்த வாட்டி சும்மா வுடக்கூடாதுன்னு தேங்கா துருவற பலகை எடுத்தாந்து சொரண்டிட்டேன். பொங்கலுக்கு வாங்கின சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு, அத அடிச்சேன்."

"மத்த அஞ்சு மரம்?"

"ஒண்ண மட்டும் அழிச்சா நான்தான்னு தெரிஞ்சுடாது?"

"சரி, அழிச்சாச்சு. அப்பறம் ஏன் இங்க வந்து நிக்கறீங்க?"

"அழிச்சவ அங்கயே நின்னா, வந்து கேட்டா இன்னா பதில் சொல்றது? யாரும் வரலன்னா போலாம்னு இருந்தேன். பாத்தா நீ வந்து நிக்கற."

நான் மரம் வெட்டும் ஆள் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "எல்லாரும் அப்டிதான் சொல்லுவாங்க" என்றார். பையைத் திறந்து இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இஸ்திரி மேசை மேல் வைத்தேன். லென்ஸ், கம்பிச் சட்டம், கண்ணாடித் தாள்கள், ஸ்கெட்ச் பேனா, நோட்டு, அளவு நாடா. கோடாலி இல்லை என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் லென்ஸை எடுத்துப் புரட்டினார். "மரத்துல இன்னாத்த பாக்கற இத வச்சுக்கினு?"

"வாங்க, காட்டறேன். துணிக்குத் தெளிக்கற தண்ணி பாட்டில எடுத்துக்கங்க."

மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு என் பின்னால் மரத்தடிக்கு வந்தார். அவர் கைக்கு எட்டிய உயரம் வரைதான் சுரண்டியிருந்தார். நான் அவரைவிட உயரம். வண்டிச் சக்கரம் உருளாமல் அண்டை கொடுத்திருந்த செங்கல் இரண்டு அங்கேயே கிடந்தன. அடுக்கி அவரை ஏறச் சொன்னேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே பழைய ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு துண்டு தப்பியிருந்தது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன்.

"அய்ய, இன்னா இது... கோலம் போட்ட மாதிரி இருக்குது."

"இப்ப அது மேல தண்ணி அடிங்க."

அடித்தார். சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்து பச்சையாக மாறியது. அக்கா செங்கல்லிலிருந்து விழப் பார்த்தார்.

"உசுரா இருக்குது!"

"ஆமா. ரெண்டு உசுரு. பூஞ்சை ஒண்ணு, பாசி ஒண்ணு. ஒண்ணா சேந்து இருக்குது."

"எது வூட்டுக்காரன், எது குடிவந்தவன்?"

"பூஞ்சைதான் வூடு. பாசி குடிவந்தது."

"வாடக இன்னா தருது?"

"சோறாக்கிப் போடுது."

"பொம்பளயாதான் இருக்கும்" என்றார் அக்கா.

பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இதற்குச் சொந்தம்தான் என்று சொன்னேன். சுரண்டிக் கீழே தள்ளிய துணுக்குகளைப் பார்த்து, "முன்னயே சொல்லியிருந்தா ஒரு டப்பால எடுத்து வச்சிருப்பேனே" என்றார். அது வேறு, இது வேறு, குழம்பில் போட வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

பிறகு அந்த மூன்று கேள்விக்குறியைப் பற்றிக் கேட்டேன். வண்டிப் பக்கம் மட்டும் இது ஏன் இப்படி வளர்ந்தது? அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "சாயங்காலம் வேலை முடிஞ்சா, துணி நனைக்கற கிண்ணத்துல இருக்கற மிச்சத் தண்ணிய இதும் மேலதான் வீசிட்டுப் போவேன். கீழ ஊத்துனா சேறாவும்ல."

தினமும் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு கிண்ணம் தண்ணீர். வெயிலில் ஊற்றியிருந்தால் உடனே காய்ந்திருக்கும். மாலையில் வீசியதால் பட்டை இரவெல்லாம் ஈரமாக இருந்திருக்கும். புகை கொடுத்த கெடுதலை ஈரம் ஈடுகட்டியிருக்கலாம். மரக்கிளைகளுக்குக் கீழே புகையைக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு மரத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது. நோட்டைத் திறந்து வேகமாக எழுத ஆரம்பித்தேன்.

"இன்னா எழுதற?"

"நீங்க தண்ணி ஊத்தறததான்க்கா."

"எதுக்கு எழுதற? எங்க போவும் அது?"

தலை நிமிர்ந்து பார்த்தேன். சற்று முன் சிரித்த முகம் போய், தகரக் கொட்டகையில் பார்த்த முகம் திரும்பியிருந்தது. அறிக்கை எங்கே போகும் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். முதலில் எங்கள் பேராசிரியரிடம். அங்கிருந்து திட்டத்துக்குப் பணம் கொடுத்த இடத்துக்கு. ஒரு பிரதி அரசாங்க அலுவலகத்துக்கு. அதற்குப் பிறகு? மரத்தின் இடம், வகை, சுற்றளவு, எண் எல்லாம் போட்ட அட்டவணை அது. யார் எதற்காக அதைத் திறந்து பார்ப்பார்கள் என்பது உண்மையில் எனக்கும் தெரியாது. பட்டியல் போடுவதில் எனக்கு இருந்த ஆர்வத்தில், பட்டியல் என் கையை விட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"என்னால மரத்துக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. ஆனா வெட்டவே மாட்டாங்கன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. என் கைல இல்ல."

"அது எனக்கும் தெரியும். உன் கைல இருக்கறத செய். உன் நோட்டுலருந்து இந்த மரத்த எடு."

இரண்டாவது அளவு இனி எடுக்க முடியாது. ஆனால் முதல் அளவு என்னிடம் இருந்தது. நாற்பது மரத்தில் இலை வகை இருந்த ஒரே மரம் இது. அதை எடுத்துவிட்டால் விழுப்புரம் சாலையில் இலை வகையே இல்லை என்று என் அறிக்கை சொல்லும். பொய்யான வெற்றிடம். நான் அதைச் சொன்னேன், அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இல்லன்னு எழுதினா அது செத்துடுமா?" என்றார்.

சாகாது. பேராசிரியருக்குப் போன் போட்டு, அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பதினஞ்சுலருந்து இருபது வரைக்கும் எடுத்துடும்மா. ஆறு மரத்தைக் கணக்குலருந்து விட்டோம்னு அறிக்கையில எழுதிக்கலாம், எடம் போட வேணாம். பாக்கி முப்பத்துநாலு மரத்துலயும் நம்பர் இருக்கே, அங்க யாரு யாரு பயந்துக்கிட்டு இருக்காங்களோ. நாளைக்கே போய் அழிச்சுடு."

"டீச்சரா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல மாதிரிதான் பேசுது" என்றார்.

கொட்டகைக்குத் திரும்பி வந்தோம். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, பதினேழு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். "அடுத்த பக்கம் காட்டு" என்று அதையும் பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, தாளைக் கரித்தணல் மேல் வைத்து மூடினார். ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் புகை வந்து அடங்கியது.

"போன்ல?"

போனில் குறித்திருந்த இடப்புள்ளிகளை அவர் கண் முன்னால் அழித்தேன். படங்களுக்கு வந்தபோது என் விரல் தயங்கியது. அந்த இலை லைக்கனின் மூன்று படங்கள். அக்கா போனை வாங்கி அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது எந்த மரம்னு எனக்கே தெரியல. வச்சுக்கோ."

படத்தோடு சேர்ந்து இடமும் பதிவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதையும் நீக்கிவிட்டு, நீக்கியதைக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? அந்தப் பக்கம் பிடி."

வண்டியை இரண்டு பேருமாகத் தள்ளினோம். சூடான பெட்டி மேசை மேல் ஆடியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பள்ளம், பள்ளம், வலது பக்கம் ஒடி" என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்து நின்று பார்த்தார். தூங்குமூஞ்சியின் கீழே வண்டி நின்றதும் தோளில் பட்ட காற்று எனக்கே நிம்மதியாக இருந்தது.

அண்டைக் கல்லை வைத்து நிமிர்வதற்குள் பைக்கில் ஒருவர் வந்து நின்றார். ஹேண்டில்பாரில் துணி மூட்டை.

"இன்னாக்கா, ஊருக்குப் போய்ட்டியா? நாலு நாளா வந்து வந்து பாக்கறேன். சொல்லிட்டுப் போக மாட்டியா?"

"மரத்துக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து போட்டாங்க. அது வரைக்கும் கிட்ட நிக்கக்கூடாதுன்னாங்க" என்றார் அக்கா, சுண்ணாம்பு அடித்த மரத்தைக் காட்டி.

"யாரு சொன்னது?"

"இதோ, இந்த டாக்டரம்மாதான்."

பைக்கில் வந்தவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "இனிமே ஒண்ணும் ஆவாதில்ல டாக்டர்?"

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாத்த வரைக்கும் நல்லா இருக்குதுங்க" என்றேன். அது வரைக்கும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அக்கா மூட்டையை வாங்கிப் பிரித்து, முதல் சட்டையை உதறி மேசை மேல் விரித்தார்.